கிள்ளான் கண்ட நாதன்



இன்றைக்கு நம்ம பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். எதிரே மானேஜர் கார் வந்தால் ஒதுங்கி வழி விடுகிறார்கள். அதோடு சரி. யாரும் இறங்கிக் கைகட்டி நிற்பதில்லை.

எங்க தாத்தா காலத்தில் அது நடக்கிற காரியமா? துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கணும். துரை மட்டுமா? கிராணி வந்தாலும் இறங்கணும். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செம்மண் சடக்கு ஓரமாய் நிற்கணும். அவர் போய் மறைந்த பிறகுதான் மறுபடி ஏறி மிதிக்கணும். மழை கொட்டுகிறதா, பின்னால் காய்ச்சல்காரப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதா என்பதெல்லாம் கணக்கே இல்லை.

1941-ல் தாத்தாவுக்குப் பதினாறு வயது. கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினார். சின்ன வயதில் அவரிடம் நான் கேட்டதில் ராஜா ராணி கதை குறைவு, நாதன் கதைதான் அதிகம். நாதன் என்ற பெயரைச் சொல்லும்போது மட்டும் அந்தக் கிழவர் முதுகை நிமிர்த்தி உட்காருவார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் படித்தேன். என் பாடப் புத்தகம் ஒன்றிலும் அந்தப் பெயர் கிடையாது. சங்க வேலைக்கு வந்த பிறகுதான் பெரியவர்களைக் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டேன். தெரிந்ததை உங்களிடம் சொல்வது கடமை என்று நினைக்கிறேன்.

பேனா பிடித்தவர்

ஆர். எச். நாதன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். மங்கு துடைத்தவரோ காண்டா தூக்கியவரோ அல்லர். இந்தியாவிலிருந்து வந்த படித்த மனிதர். கோலாலம்பூரில் தமிழ் நேசன் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவர். 1924-ல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய பத்திரிகை அது. 2019 ஜனவரியோடு நின்று போயிற்று. நம்மில் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அதில்தான்.

அந்தக் காலத்துப் படித்த இந்தியர்களின் உலகமே வேறு. பிரிக்பீல்ட்சில் ரயில்வே குவார்ட்டர்ஸ், கோலாலம்பூரில் சர்க்கார் ஆபீஸ், மாலையில் கிளப்பு, வருஷத்துக்கொரு ஆண்டு விழா. பிரிக்பீல்ட்சுக்கும் கிள்ளானுக்கும் நடுவே இருப்பது இருபது மைல்தான். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுத் திண்ணைக்கும் கிள்ளான் தோட்டத்து லயத்துக்கும் நடுவே இருந்த தூரத்தை எந்த மைல் கல்லும் காட்டாது. தோட்டத்து ஆளைக் கூலி என்று சொல்வதில் வெள்ளைக்காரருக்கும் படித்த நம்மவருக்கும் அன்று பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

அந்த இருபது மைலைக் கடந்து வந்தவர் நாதன். அவர் செய்த முதல் பெரிய காரியம் அதுதான் என்பேன். கடன் வாங்கிப் போராட்டம் நடத்தலாம், தலைவனைக் கடன் வாங்க முடியாது. தலைவன் தானாக வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். நாதன் வந்து உட்கார்ந்தார்.

உள்ளே புழுங்கிய நெருப்பு

அவர் வந்த நேரம் எப்படிப்பட்ட நேரம் என்பதைப் பார்க்க வேண்டும்.

1930-ஐ ஒட்டி ரப்பர் விலை விழுந்தது. விலை விழுந்ததும் முதலில் வெட்டப்பட்டது நம்ம கூலி. ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். இருந்தவர்கள் அரைவயிற்றோடு இருந்தார்கள். 1936 கடைசியில் இந்திய சர்க்கார் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தினக்கூலி என்பது 1937-ல் திரும்பக் கிடைத்தது. 1938-ல் ரப்பர் விலை சரிந்தது என்று மறுபடியும் குறைத்தார்கள். அதைக் கண்டு இந்திய சர்க்கார் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதையே தடுத்து நிறுத்தியது.

1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. மலாயாவில் அப்போது குண்டு விழவில்லை. ஆனால் யுத்தத்தில் போர்முனை என்று ஒன்று இருந்தால், உள்நாட்டு முனை என்று இன்னொன்றும் உண்டு. சிப்பாய் சுடுவதற்குத் துப்பாக்கி வேண்டும், துப்பாக்கி வாங்கப் பணம் வேண்டும். பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை அள்ளிக் கொடுத்த காமதேனு நம்ம மலாயாதான். உலகத்து ரப்பரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கிருந்துதான் போயிற்று. லாரிச் சக்கரமும் விமானச் சக்கரமும் ரப்பர் இல்லாமல் உருளுமா? ஆக, விடியற்காலை பெரட்டுக் களத்தில் நின்ற நம்ம பாட்டனும் பாட்டியும் தாங்கள் அறியாமலே ஒரு யுத்தத்தின் உள்நாட்டு முனையில் நின்றார்கள்.

யுத்தத்தால் ரப்பருக்குக் கிராக்கி ஏறிற்று, விலை ஏறிற்று, கம்பெனிகளுக்கு லாபம் ஏறிற்று. கடையில் சாமான் விலையும் கூடவே ஏறிற்று. ஏறாமல் நின்றது நம்ம கூலி ஒன்றுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து புது ஆள் வருவது நின்று போனதால், போனால் போ, நாளைக்குக் கப்பலில் வேறு ஆள் வருவான் என்று துரைமார் சொல்ல முடியாமல் போயிற்று. மரம் நிற்கிறது, பால் ஓடுகிறது, வெட்ட ஆள் குறைவு. தொழிலாளியின் கைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் விலை வந்த நேரம் அது.

பக்கத்துத் தோட்டத்துச் சீனத் தொழிலாளர்கள் நம்மைவிடக் கூடுதல் கூலி வாங்கினார்கள். அது அவர்களுக்கு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. அவர்கள் குத்தகைக்காரர் மூலம் வேலை செய்தார்கள். கூலி பிடிக்காவிட்டால் மூட்டை கட்டி வேறிடம் போனார்கள். 1937-ல் காஜாங் பக்கத்துத் தோட்டங்களிலும் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலைநிறுத்தம் செய்து வாங்கினார்கள். அதே மரம், அதே கத்தி, அதே பால். நமக்கு மட்டும் ஏன் குறைவு என்ற கேள்வி லயத்துக்கு லயம் புகைந்தது.

சங்கம் பிறந்தது

புகைந்த கேள்விக்கு வாய் கொடுத்தது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் உயிர்நாடி நாதன். கோலாலம்பூரில் 1936-ல் தொடங்கிய மத்திய இந்தியர் சங்கம் ஒன்று இருந்தது. அதில் வக்கீல்களும் டாக்டர்களும் இருந்தார்கள். நல்லவர்கள்தான், மனு எழுதினார்கள், தீர்மானம் போட்டார்கள். கிள்ளான் சங்கத்தின் வழி வேறு. தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளர்களே தங்களுக்குள் கமிட்டி அமைத்துக்கொண்டார்கள். பேசத் தெரிந்தவனைத் தேடாமல், பயப்படாதவனைத் தேடிப் பொறுப்பில் வைத்தார்கள் என்று தாத்தா சொல்வார்.

வெளி ஆள் தோட்டத்துக்குள் நுழைவதே அன்று குற்றம். தோட்டம் துரையின் சொந்த நிலம். சடக்கு அவருடையது, லயம் அவருடையது, கோயிலுக்கு முன்னால் இருக்கிற பொட்டலும் அவருடையது. சொந்த மச்சான் பார்க்க வந்தாலும் அனுமதி கேட்கணும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சங்கம் வேர் பிடித்ததென்றால், எத்தனை பேர் இருட்டில் வெட்டுக்காடு தாண்டி நடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

1940-ல் தொழிற்சங்கச் சட்டம் ஒன்றையும் சர்க்கார் கொண்டு வந்திருந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது. தோட்டத்து வாசலில் காவல்காரன் இருந்தான்.

முதல் அலை

1941 தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் கிளம்பிற்று. கூலி உயர்வு, சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி என்பவை முன்னால் நின்றன. ஒரு தோட்டம் நின்றால் அடுத்த தோட்டம் நின்றது. இழுபறிக்குப் பிறகு, கேட்டதைவிடக் குறைவான சில காசு உயர்வோடு ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினார்கள்.

வெறும் காசுக்காக நடந்த சண்டை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. நாதனும் சங்கத்தாரும் தொழிலாளரோடு சேர்ந்து வைத்த கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனருக்கும் இந்தியருக்கும் ஒரே கூலி. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு. ஒழுங்கான வைத்தியம். கள்ளுக்கடையை மூடு. நம்ம பெண்கள் மேல் கை வைக்காதே. பேசவும் கூடவும் உரிமை கொடு. உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து போகட்டும். குறை சொன்னவனைப் பழி வாங்காதே. சங்கம் வைத்துக்கொள்ள விடு. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறியபடியே போக விடு.

கூலி ஒரு கோரிக்கை. மற்றதெல்லாம் மனுஷனாக நடத்து என்பதற்குப் பத்து விதமான வார்த்தைகள். பழி வாங்காதே என்று தனியாக ஒரு கோரிக்கையே வைக்க வேண்டியிருந்தது என்றால், வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கள்ளுக்கடைக் கோரிக்கையைச் சிலர் இன்றும் அலட்சியமாகச் சொல்வார்கள், குடிக்காதே என்பதெல்லாம் ஒரு போராட்டமா என்று. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடந்தது. காலையில் கொடுத்த காசு சாயங்காலம் அங்கேயே திரும்பிப் போயிற்று. அடுப்பு பற்றவைக்கிற அம்மாவுக்குத்தான் அது புரியும். அதனால்தான் அந்தப் போராட்டத்தில் பெண்கள் முன்வரிசைக்கு வந்தார்கள்.

ஒரு கோரிக்கையைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கொடுமைக்காரக் கிராணிகளை எடுத்துவிட்டுத் தமிழ் பேசுகிறவர்களை வை என்றும் கேட்டார்கள். அன்றைய கிராணிமாரில் பலர் மலையாளிகள். அடி வாங்கினவனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கிராணி அடித்தது மலையாளத்தால் அல்ல, துரை கொடுத்த அதிகாரத்தால். தமிழ் பேசுகிற கங்காணி அடித்தபோதும் வலித்தது அல்லவா? சங்க வேலையில் இருக்கிற நாம் அந்த ஒன்றை ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும்.

மே மாதம் 5-ம் தேதி

துரைமாரும் அதிகாரிகளும் இந்தக் கோரிக்கைகளை வேறு கண்ணால் பார்த்தார்கள். யுத்த நேரத்தில் ரப்பரை நிறுத்துவது ராஜத்துரோகம் என்றார்கள். இந்திய சுதந்திரக் கிளர்ச்சியை நாதன் தோட்டத்துக்குள் கொண்டுவருகிறார் என்றார்கள். யாரோ தூண்டிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் இந்தச் சாதுவான ஜனங்களுக்கு இது எப்படித் தெரியும் என்றார்கள். காலம் காலமாய் நாம் கேட்டுவரும் பாட்டுத்தானே இது! தொழிலாளிக்குத் தானாகப் பசிக்காது, யாரோ சொல்லித்தான் பசிக்கிறது என்பது முதலாளி சாஸ்திரம்.

இதிலும் ஓர் உண்மை உண்டு, அதை மறைக்க வேண்டாம். நாதன் சுதந்திர உணர்ச்சி உள்ளவர்தான். ஆனால் இந்தியா விடுதலை பெற்றால்தான் கிள்ளானில் ஒருவன் சைக்கிளில் நிமிர்ந்து உட்காரலாம் என்று அவர் காத்திருக்கச் சொல்லவில்லை. இன்றைக்கே உட்காரு என்றார். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

1941 மே 5-ம் தேதி நாதனைக் கைது செய்தார்கள்.

தலையை எடுத்தால் உடம்பு விழுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பிற்று. செய்தி லயத்துக்கு லயம் ஓடிற்று. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜனங்கள் கிள்ளானுக்கு நடந்தார்கள். நாதனை விடு என்று போலீஸ் நிலையத்தின் முன்னால் கூடினார்கள். வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிக் கோல லங்காட்டுக்கும் கோல சிலாங்கூருக்கும் மற்ற வட்டாரங்களுக்கும் பரவிற்று. சுமார் 20,000 தொழிலாளர்கள் வேலையை விட்டு நின்றார்கள். காலையில் மங்குகள் காய்ந்து கிடந்தன. பால் ஸ்டோரில் சத்தமில்லை. பிறந்த நாளிலிருந்து மணியோசைக்கு எழுந்த ஜனம், மணி அடித்தும் எழவில்லை.

மே 16-ம் தேதி சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனம் ஆயிற்று. ராணுவம் இறங்கிற்று. ஜெர்மானியனையும் ஜப்பானியனையும் எதிர்க்கத் தயாரான படை, தோட்டத்துச் சடக்கில் பால்வெட்டுக்காரனுக்கு எதிரே வந்து நின்றது. துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். நூற்றுக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். பலரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இன்னும் பலர் தங்கள் பழைய தோட்டத்துக்கே திரும்ப முடியாமல் போயிற்று. மாத முடிவுக்குள் போராட்டம் நசுக்கப்பட்டது.

நாதன் நாடு கடத்தப்பட்டார். எந்தக் கடலைத் தாண்டி இங்கே வந்தாரோ அதே கடல் வழியே திருப்பி அனுப்பினார்கள். வழியனுப்ப மாலை இல்லை, மேளம் இல்லை.

நடந்ததை விசாரிக்கக் கமிஷன் வேண்டும் என்று இந்திய சர்க்கார் கேட்டது. மலாயா அதிகாரிகள் பிடி கொடுக்கவில்லை. விசாரணை நடக்கும் முன்னே யுத்தம் நம்ம வீட்டுக்கே வந்துவிட்டது.

ஏழே மாதம்

1941 டிசம்பர் 8-ம் தேதி ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். எதில் ஏறிக் கீழே வந்தார்கள் தெரியுமா? சைக்கிளில்! தோட்டத்துச் சடக்குகளில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் உருண்டு வந்தன. எந்தத் துரைக்கும் அவர்கள் இறங்கி நிற்கவில்லை. துரைமார் காரில் ஏறித் தெற்கே போனார்கள். 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. லயத்தில் இருந்த ஜனங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

நாதனை நாடு கடத்திச் சரியாக ஏழு, எட்டு மாதம். அவசரகாலம் போட்டும் சுட்டும் காப்பாற்றிய அந்த ரப்பரும் தோட்டமும் எதிரி கைக்குப் போயிற்று. உள்நாட்டு முனையில் நிற்கிற ஜனங்களை எதிரியாக நடத்திய சர்க்காருக்காக எந்த ஜனம் அழும்? சிலாங்கூர்த் தொழிலாளிக்கு மே மாதத்தில் பத்துக் காசும் ஒரு மரியாதையான வார்த்தையும் கொடுத்திருந்தால் ஜப்பானியன் வந்திருக்க மாட்டான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டைக் காப்பதில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அவன் நினைத்திருப்பான்.

ஜப்பானியனை நாம் விரும்பியும் வரவேற்கவில்லை. துரைக்குச் சைக்கிளை விட்டு இறங்கிய அதே ஜனம், ஜப்பான் சிப்பாய்க்கு முதுகு வளைத்துக் கும்பிட வேண்டியிருந்தது. கும்பிடாதவன் கன்னத்தில் அறை வாங்கினான். பல்லாயிரம் பேரைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை என்று இன்றுவரை நம்ம குடும்பங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. கிள்ளானில் பேசத் தெரிந்த தலைவர்களைப் பிடித்து வெளியே அனுப்பியதால், அந்தக் கொடுமை வந்தபோது தோட்டத்தில் நமக்காகப் பேச ஆள் குறைந்து போயிருந்தது. இதை யோசித்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

ஆனாலும் விதை போட்டது போட்டதுதான். 1943-ல் நேதாஜி அழைத்தபோது தோட்டத்து ஆண்களும் பெண்களும் ராணுவ உடுப்புப் போட்டு நின்றார்கள். யுத்தம் முடிந்து வெள்ளையர் திரும்பி வந்தபோது, 1941-க்கு முந்திய பழைய கூலியைப் பார்க்க முடியவில்லை. கள்ளுக்கடை முன்னால் தொண்டர் படை நின்றது. சங்கங்கள் எழுந்தன. 1954-ல் பல சங்கங்கள் ஒன்றாகி தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று.

நாம் நினைக்க வேண்டியது

இன்று அந்தத் தோட்டங்களே பல இல்லை. புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆகிவிட்டது. பால்மரம் நின்ற இடத்தில் மாடி வீடும் பேரங்காடியும் நிற்கின்றன. கிள்ளான் கடைத்தெருவில் பூ வாங்கப் போகிற எத்தனை பேருக்கு நாதன் என்றால் தெரியும்? செத்த அந்த ஐந்து பேருக்கு நடுகல் நட்டோமா? வருஷா வருஷம் மே 1-ம் தேதி மேடை போடுகிறோம். நாலு நாள் கழித்து வருகிற மே 5-ஐ மறந்து விடுகிறோம்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. இன்று தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும், ஏன், நம்ம பாட்டன் வந்த இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். சங்க வேலையாக நான் அவர்களுடைய குடியிருப்புக்குப் போகும்போது நாதனுடைய பட்டியலை மனதில் சொல்லிப் பார்ப்பேன். சம கூலி, வைத்தியம், வேலை நேரம், பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவது, குறை சொன்னவனைப் பழி வாங்காமல் இருப்பது. எத்தனை கோரிக்கைக்கு நேரே கோடு போட்டு அடிக்க முடிகிறது? எல்லாவற்றுக்கும் முடியவில்லை. சில இடங்களில் அவர்களை அதட்டுகிற மண்டோர் நம்ம பையன்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்ல வேண்டும். கிராணி மாறினால் போதாது, கிராணித்தனம் போக வேண்டும்.

எங்க தாத்தா கடைசிக் காலத்தில் சைக்கிள் மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு போவார். யாராவது ஏறிப் போங்களேன் தாத்தா என்றால் சிரிப்பார். ஏறவும் இறங்கவும் அது என் இஷ்டம் என்பார். ஐந்து வார்த்தைதான். அந்த ஐந்து வார்த்தையை ஒரு பால்வெட்டுக்காரன் வாயில் வைக்கத்தான் நாதன் நாடு கடத்தப்பட்டார், ஐந்து பேர் உயிர் விட்டார்கள்.

அடுத்த மே 5-ம் தேதி உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லாவிட்டால் போகட்டும், லயத்துப் பாட்டி சொல்லட்டும். எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது.